அம்மா கட்டின வீடு

பச்சையப்பன் மூன்றாவது முறையாக அரிசித் தட்டை அண்ணியின் முன் நீட்டினார். அனுசுயா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“போடு அண்ணி. எல்லாரும் வாய்க்கரிசி போட்டாச்சி. நீ ஒருத்திதான் பாக்கி.”

“நான் போடல.”

வெள்ளானூர் வீட்டு வாசலில், குளிப்பாட்டி மாலை போட்டு அவள் கணவர் வேம்புலியைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை திருமழிசை கம்பெனிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

“இன்னாடி கூத்து இது? முப்பது வருசம் ஊட்டி ஊட்டி வளத்துட்டு, ஒரு புடி அரிசிக்கு முரண்டு புடிக்கிறே?” என்றாள் பக்கத்து வீட்டு பேபி.

அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று பேபிக்குத் தெரியாது. மகள் எழிலரசிக்குத் தெரியும்.

அம்பத்தூரில் ஒரு லேபில் அவளுக்கு ரத்தம் எடுக்கும் வேலை. போன மாதம் அப்பாவுக்கும் அவள்தான் எடுத்தாள். கொலஸ்ட்ரால் சரியாகவே இருந்தது. “பாத்தியா?” என்று மீசையைத் தடவினார். ஆனால் டாக்டர் கேட்டிருந்த மற்ற இரண்டும் சரியில்லை. வெளியே புண்ணில்லாமல் உள்ளே எங்கோ அழன்றுகொண்டிருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. ஏறிக் கிடந்தது. கொழுப்பிலிருந்து சுரந்து ரத்தக்குழாயைக் காக்கும் அடிபோனெக்டின் மிகவும் குறைந்திருந்தது.

“தொப்ப சும்மா தொங்கினு கீதுன்னு நெனைக்காதப்பா. ரத்தத்துல எதையாச்சும் அனுப்பிக்கினே இருக்கும். இதயத்துக்குப் போற கொழாயெல்லாம் கெட்டுடும்.”

அவர் வயிற்றைத் தட்டிச் சிரித்தார். “இது உங்கம்மா கட்ன ஊடு. சட்டுனு இடிச்சிட முடியுமா?”

கல்யாணப் போட்டோவில் அவருக்கு இடுப்பே கிடையாது. அறுப்புக் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளை. விருந்துக்குப் போன இடத்தில் இன்னொரு கரண்டி கேட்கக் கூச்சப்பட்டு எழுந்துவிடுவார். அம்மாவிடம் மட்டும் தட்டை நகர்த்துவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கறிச்சோறு முடிந்து அவர் பாயில் மல்லாந்ததும், சின்ன எழிலரசி அந்த வயிற்றில் காதை வைத்துப் படுப்பாள்.

“அப்பா, உள்ள லாரி போவுது.”

“அம்பத்தூர் எஸ்டேட் லோடு. சத்தம் போடாத, கவுந்துடும்.”

வயிறு ஏறித் தாழ, அவள் தலையும் ஏறித் தாழும். அப்படியே தூங்கிப்போவாள்.

ரிப்போர்ட் வந்த அன்று அவளுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்: “நீதாம்மா போட்டுப் போட்டு அவரக் கொல்றே.” அம்மா அடுப்பை அணைத்தாள்.

இப்போது என்ன சொல்வது? நைட் ஷிப்டைச் சொல்லலாம், பீடியைச் சொல்லலாம். கடைசிவரை ஒல்லியாகவே இருந்து நெஞ்சடைத்துச் செத்த தாத்தாவைச் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். மனத்துக்குள் கோத்துப் பார்த்தபோது எதுவும் நிற்கவில்லை. அவள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கி நான் சொன்னது...”

“ரிப்போர்ட்ல இருந்ததத்தானே சொன்னே.”

“ரிப்போர்ட்ல உன் பேரு இல்லம்மா.”

அனுசுயா முந்தானையை இறுக்கிக்கொண்டாள். தெருமுனையில் மேளம் நின்றிருந்தது.

“நீ போடலன்னா அவரு பசியோட போவாரு,” என்றாள் எழிலரசி. “வேற யாராண்டயும் கேக்க மாட்டாரு.”

முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. அனுசுயா அரிசியை அள்ளி அவர் உதட்டில் வைத்தாள். பச்சையப்பன் தட்டோடு நகரப் போனார். அவள் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இரு. அவருக்கு ஒரு புடி பத்தாது.”

இரண்டாவது பிடி உதட்டில் நிற்காமல் மாலைக்குள் சரிந்தது. அவள் குனிந்து, பூக்களை விலக்கி, ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கத் தொடங்கினாள். பாடையைத் தூக்கக் குனிந்திருந்த நால்வரும் நிமிர்ந்து நின்றார்கள்.