துளை மேலே இருக்கணும்

இரண்டு மில்லிமீட்டர் டிரில் பிட் தெர்மோஸ்டாட்டின் விளிம்பைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தபோது, கல்யாணத்தன்றுகூட வராத சந்தோஷம் எனக்கு வந்தது. பக்கத்தில் நின்ற ஜெபகுமாரிடம் சொல்லவில்லை. கட்டின புருஷன், மனசு கஷ்டப்படும்.

கேளம்பாக்கத்தில் சதாசிவம் அண்ணனின் ஒர்க்‌ஷாப், ஞாயிறு காலை. சாயங்காலம் நாலு மணிக்கு என் காரைப் பழைய இரும்புக்கு உடைப்பதற்கு எடுத்துப்போக ஆள் வருகிறார். ஜெபா பேசி முடித்திருந்தான். பதினாறு வயதுக் கார், கல்யாணத்துக்கு முன்பே நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மறைமலைநகர் கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கும் என் லைனில் பஸ்ஸுக்கு நிற்காமல் சொந்தக் காரில் வந்து இறங்கிய முதல் பெண் நான்தான். அந்தத் திமிரை விட மனசில்லை. ஆனால் மூன்று மாதமாக வண்டி திருப்போரூர் தாண்டுவதற்குள் கொதித்துவிடுகிறது.

"மாமல்லபுரம் வரைக்கும் கொதிக்காம போய்க் காட்டு ஜெஸ்ஸி. அந்தாள வரவேணாம்னு சொல்லிடறேன்" என்றான் ஜெபா.

சதாசிவம் அண்ணனுக்கு எந்த நோய்க்கும் ஒரே வைத்தியம். "தெர்மோஸ்டாட்ட கழட்டி கடாசிடுங்க மேடம். நம்மூரு வெயிலுக்கு அது இன்னாத்துக்கு? அதுல போயி ஓட்ட போட்டுகினு கீறீங்க!"

நான் விடவில்லை. ஒழுகிய ரேடியேட்டர் குழாயை மாற்றிய பிறகும் வண்டி கொதித்ததற்குக் காரணம் காற்று. தண்ணீர் ஊற்றும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கும், சூடானால் மட்டுமே ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் கதவைச் சாத்தியிருக்கும். அதன் பின்னால் மாட்டிக்கொண்ட காற்றுக்கு வெளியேற வழியில்லை. இந்தச் சின்னத் துளைதான் அதற்கு வழி.

மாட்டினோம், தண்ணீர் ஊற்றினோம், ஸ்டார்ட் செய்தேன். கால் மணி நேரத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இன்ஜினை அணைத்தேன். ஜெபா கடிகாரத்தைப் பார்த்தான். அதற்கு அவன் திட்டியே இருக்கலாம்.

சூடு ஆறும்வரை ரேடியேட்டரைத் திறக்க முடியாது. ஒன்றரை மணி நேரம் ஒரு டயர்மேல் உட்கார்ந்து, மாட்டியதை மனசுக்குள் மறுபடி மறுபடி மாட்டிப் பார்த்தேன். கம்பெனியில் எந்தப் பாகம் வந்தாலும் துளையுள்ள பக்கம் என்னைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். அப்படித்தான் தட்டில் வைத்துச் சோதிப்போம். பதினோரு வருஷப் பழக்கம். கை அதுபாட்டுக்கு அதே வேலையைச் செய்திருக்கிறது.

"அண்ணா! தலகீழா மாட்டிட்டேன்! காத்து மேலதான நிக்கும்? துளை கீழ கீது!"

சதாசிவம் அண்ணன் ஒரு நொடி யோசித்தார். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரியாணியை அப்படியே மூடி வைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

இந்த முறை துளை உச்சியில். தண்ணீர் ஊற்ற ஊற்ற ரேடியேட்டர் வாயில் குமிழிகள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு சோறு கொதிப்பதுபோல் களகளவென்று. "வருது பாரு, வருது பாரு!" என்று கத்தியது ஜெபாதான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஏசியை அல்ல, ஹீட்டரைப் போட்டேன். இன்ஜின் முழுக்கத் தண்ணீர் ஓடினால்தான் அதில் சூடு வரும்; இன்ஜின் சூட்டையும் அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மே மாத வெயில், கண்ணாடிகள் இறங்கியிருக்க, அனல் எங்கள் முகத்தில் அடித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. இருவரும் பைத்தியங்கள்போல் சிரித்தோம். திருப்போரூர் பின்னால் போனது. முள் பாதியில் நின்றது. இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்.

ஜெபாவின் போன் அடித்தது. அந்த ஆள்தான், சீக்கிரமே வந்துவிட்டார் போல. ஜெபா திரையைப் பார்த்தான், முள்ளைப் பார்த்தான். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஹீட்டர் விசையை இன்னும் ஒரு படி கூட்டினான்.