எந்தப் பக்கம் வலது

தாளத்தின் முதல் தட்டுக்கே ஒன்பது பிள்ளைகளும் இடது கையைத் தூக்கினார்கள்.

“வலது கை,” என்றேன். பாதிப் பேர் மாற்றினார்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தள மண்டபம் அது. கொமிட்டித் தலைவர் நாகேந்திரம் ஐயா என் சங்கீத வகுப்புக்கென்று ஒரு மாலைக்கு மட்டும் தந்திருந்தார். கராத்தே மாஸ்டர் ஒருவரும் அதே மண்டபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “இண்டைக்கு எப்பிடிப் போகுதெண்டு பாப்பம், பிள்ளை,” என்றவர் பின்சுவரோரம் கதிரை போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிட்டார். மகள் பிறந்ததோடு வேலையை விட்டு, படித்த சங்கீதத்தைத் தாலாட்டுக்கு மட்டுமே செலவழித்துக்கொண்டிருந்தவள் நான். இந்த வகுப்பு எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அந்த மனிதருக்கு எங்கே தெரியப்போகிறது?

கண்ணாடியில் தெரிவது போல இருக்கட்டும் என்று, பெரிய புத்திசாலி போல நான் இடது கையால் போட்டுக் காட்டினேன். என் கை மாறியதைக் கண்டு, சரியாகப் போட்டவர்களும் இடது கைக்குப் போனார்கள். பிள்ளையைக் கூட்டிவந்த ஓர் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்.

“மிஸ், நீங்க தூக்கிற பக்கத்துக் கையத்தானே நாங்களும் தூக்கிறம்,” என்றான் ஜனா, அழாக்குறையாக.

உண்மைதான். நான் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்தபடி. எனக்குப் படிப்பித்த டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தொடையில் வைத்துவிடுவார், அத்தோடு சரி. அவருக்கு நான் ஒருத்தி. இங்கே ஒன்பது பேர், என்னிடம் இருப்பதோ இரண்டு கை.

நாகேந்திரம் ஐயா கதிரையை இழுத்துக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது. நானும் எழும்பினேன். பிள்ளைகளின் வரிசைக்கு நடுவே, ஜனாவுக்கும் சாருஜாவுக்கும் இடையில் போய், அவர்களைப் போலவே ஜன்னலைப் பார்த்தபடி நெருக்கியடித்து உட்கார்ந்தேன்.

“இப்ப நான் போடுற மாதிரியே போடுங்கோ.”

தட்டு விழுந்தது. சாருஜாவின் முழங்கை என் முழங்கையோடு கூடவே இறங்கியது. அடுத்த தட்டு வரிசை முழுதும் ஒன்றாக விழுந்தது. சொல்லித் தந்த ஜனாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. தாளத்தை விடாமல் “ஸா”வை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துக் கரையோரத் தண்டவாளத்தில் ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போனில் ஓடிய சுருதி கேட்கவில்லை, என் குரலே எனக்குக் கேட்கவில்லை. நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு வாய்கூட மூடவில்லை, கைகளும் நிற்கவில்லை. ஒன்பது பேருக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

ரயில் போய்விட்டது. “ஸா” அங்கேயே இருந்தது, சுருதியில் ஒரு மயிரிழை கூடிப்போய், ஆனால் ஒன்றாக. அதற்கு அடியில், என் முதுகுக்குப் பின்னால், பின்சுவர்க் கதிரைப் பக்கமிருந்து, கரகரத்த ஓர் ஆண்குரலும் அதே “ஸா”வைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு விழுந்திருந்தது, தாளத்தில் அடுத்து வரும் சுண்டுவிரலை எண்ணினேன்.