முன்சக்கரத்து டயர்

கணவன் போன பிறகு அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை, கண்ணுகளா. குழம்பில் உப்பு இல்லை என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவன் தபால்காரன். குன்றின் மேலிருக்கும் வீடுகளுக்கு மலைச் சைக்கிளில் கடிதம் கொண்டுபோனவன். அந்த வேலையை அவளுக்கே தருவதாகத் தபால் அதிகாரி சொல்லியிருந்தார். ஆனால் குளிர்காலச் சேற்றில் ஒரு நாள், இருட்டுவதற்குள் உச்சிவீடு வரை போய்க் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. வேலைக்காகத் தந்த வீடும் அதோடு போய்விடும்.

சைக்கிளின் முன்டயர் வழுக்கையாகிவிட்டது. பின்டயர் பாதி தேய்ந்திருந்தது. கொழுந்தனோடு கடைக்குப் போனாள். அவன் டிராக்டர் ஓட்டுகிறவன். தங்கமான பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இருக்கறதுலயே தடியானதா எடுங்க," என்றான்.

"தடியா போட்டா சேறு அடைச்சுக்கிட்டுச் சக்கரமே சுத்தாது, தம்பி," என்ற கடைக்காரர், ஒல்லியான டயர் ஒன்றை இறக்கினார். "விலை கம்மிதாம்மா. ஆனா பல்லைப் பாருங்க, ஒவ்வொண்ணும் தள்ளித் தள்ளி நிக்குது. ஒட்டின சேறு தானா உதிர்ந்துடும். நெருக்கமா இருந்தா மாவு பிசைஞ்ச கை மாதிரி ஆயிடும்."

"ரெண்டு வாங்கணுமா?"

"ஒண்ணு போதும். முன்னாடி போடுங்க. பின்னாடி இருக்கறது இந்தக் குளிருக்குத் தாங்கும்."

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தன் சக்கரங்களைக் கழற்றினான்.

"அந்த ஆளுக்கு என்ன அண்ணி தெரியும்? டிராக்டர்ல பெரிய டயர் எங்க இருக்கு? பின்னாடிதானே! வண்டியை இழுக்கறது எதுவோ அதுக்குத்தான் புதுசு போடணும்."

புது டயர் பின்னால் ஏறியது. பாதி தேய்ந்தது முன்னால் வந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் சொன்னது நினைவிருந்தது, ஆனாலும் தலையாட்டினாள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம் அது.

குறித்த நாளில் மேகம் கவிந்திருந்தது. நேர் ஏற்றத்தில் சைக்கிள் நன்றாகத்தான் போயிற்று. பாதை ஒருபக்கமாகச் சரியும் வளைவில் முன்சக்கரம் சறுக்கி, அவளைச் சேற்றில் தள்ளியது. கடிதப்பை இறுகக் கட்டியிருந்ததால் நனையவில்லை. வலிக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை. எழுந்து ஏறினாள். பத்தடி போவதற்குள் மறுபடி விழுந்தாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இப்படியே ஏறிப் பயனில்லை என்று சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கணவனின் கருவிப்பை இருக்கையின் கீழேயே தொங்கியது. அங்கே அவள் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. விறைத்த விரல்களால் டயர்களைக் கழற்றி, இடம் மாற்றிப் போட்டு, காற்றடித்தாள். அதன்பின் பின்சக்கரம் அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி இங்குமங்கும் இழுத்தது. முன்சக்கரம் மட்டும் போகிற வழியை விடவே இல்லை. செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளினாள்.

இருட்டும் முன் உச்சிவீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். அந்த வீட்டம்மா அவள் எதிரிலேயே அதிகாரிக்குப் போன் போட்டார்.

"வந்துட்டாங்க சார். ஆள் முழுக்கச் சேறு, கடிதாசி மட்டும் படு சுத்தம்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து நீயேதானாம்மா. சரியான்னு கேக்கறாரு."

"வரேன்னு சொல்லுங்க," என்றாள். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய வேலை, அது கிடைத்ததில் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கொழுந்தன் விளக்கோடு நின்றான். சைக்கிளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"யாரு அண்ணி மாத்தினது?"

"நான்தான். பின்னாடி வழுக்கினா ஆட்டம் காட்டும், அவ்வளவுதான். முன்னாடி வழுக்கினா ஆளே கீழ. ரெண்டு தடவை விழுந்தேன்."

"என்னாலயா?" என்றவன் படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அண்ணனுக்காக அழுதானா, டயருக்காக அழுதானா, அவனுக்கே தெரிந்திருக்காது.

"வேலை கிடைச்சுடுச்சு தம்பி. அழுதுட்டு உள்ள வா, சாப்பிடலாம்."

அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை, கண்ணுகளா. வருகிறபோது வரட்டும். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்டயரில் உதிராமல் மிச்சமிருந்த சேற்றை நோண்ட ஆரம்பித்தாள். நாளைக்கும் போக வேண்டுமே.