பாதியில் நின்ற உறுமி

சுவரில் மறுபடியும் இடி விழுந்தது. தொம், தொம், தொம். நான் மிக்சரின் ஒலிப் பிடியை ஒரேயடியாகக் கீழே இழுத்தேன். அறை அடங்கிப் போனது. இன்றைக்கும் பாட்டு முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஜொகூர் மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் வரிசையாக ஒட்டிக் கட்டியவை. என் அறைக்கும் பக்கத்து வீட்டுக் கருப்பாயி ஆன்ட்டியின் ஹாலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சுவர். அவர் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். நான் டிரம் மெஷினைத் தட்டினால் அவர் சுவரை இடிப்பார். இரண்டு மாதமாக எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

எனக்குச் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் காஸ்வே பாலத்தைத் தாண்டிப் போய், பொழுது சாய வீட்டுக்கு வந்து, குளித்த கையோடு இந்த அறைக்குள் நுழைந்துவிடுவேன். ஒரு டிரம் மெஷின், இரண்டு சின்தசைசர்கள், ஒரு மிக்சர், ஒரு ரெக்கார்டர், இவற்றுக்கு நடுவே இடியாப்பமாய்ச் சிக்கிக் கிடக்கும் கேபிள்கள். "கல்யாண வயசுல நகை வாங்காம பெட்டி பெட்டியா வாங்கி அடுக்குறா" என்று என் சித்தி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். நகையைத் தட்டினால் சத்தம் வராது.

கம்ப்யூட்டரில் செய்தால் சுலபம் என்பார்கள். பகல் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கு வீட்டிலும் ஒரு திரை எதற்கு? ஆனால் என் சின்தசைசர்கள் பழைய மாதிரி. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒரு குமிழைத் திருப்பினால் நேற்று வந்த சத்தம் போயே போய்விடும். என் கையோ சும்மா இருக்காது. நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்குகிறேன் என்று திருப்பித் திருப்பிக் கெடுத்துவிடுவேன். ஆரம்பங்கள் என்னிடம் கூடை கூடையாக இருந்தன. முடித்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

லோஷினி என் பள்ளித் தோழி. ஜொகூர் பாரு பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் காபிக்கடை வைத்திருக்கிறாள். அவ்வப்போது சனிக்கிழமை மாலையில் அங்கே யாரையாவது வாசிக்க வைப்பாள். என்னையும் முன்பே கூப்பிட்டிருக்கிறாள். கடைசி நேரத்தில் நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுவேன்.

"எப்படி வந்திருக்கு?" என்று கேட்பாள்.

"இன்னும் சரியா வரல."

"உனக்கு எப்பத்தான் சரியா வந்துச்சு?"

இந்த முறை தெளிவாகச் சொல்லிவிட்டாள். "முழுசா ஒண்ணு வாசி கஸ்தூரி. ஆரம்பிச்சு முடிக்கணும், அவ்வளவுதான். இதுக்கும் வரலன்னா இனிமே நான் கேக்க மாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளும் கேட்காவிட்டால் என்னை வாசிக்கச் சொல்ல வேறு யாரும் இல்லை.

இந்தத் தடவை கையில் இருந்தது உறுமி. தைப்பூசத்தில் கேட்டது மண்டையை விட்டுப் போகவில்லை. வளைந்த குச்சியால் தோலை உரசும்போது வருமே ஓர் உறுமல், அதை ஒலிப்பதிவு எதுவும் இல்லாமல் சின்தசைசரிலேயே கொண்டுவந்திருந்தேன். டிரம் மெஷின் அடியைப் போடும். அதன்மேல் என் கை குமிழைத் திருப்பத் திருப்ப, உறுமல் ஏறி இறங்கும். ஹெட்போனில் அது காதோடு நின்றுவிடுகிறது. நெஞ்சில் விழ வேண்டுமென்றால் ஸ்பீக்கரில்தான் போட வேண்டும். போட்டால் அடி சூடு பிடிக்கிற நேரம் பார்த்துச் சுவர் இடிக்கும். நான் நிறுத்துவேன்.

போன வாரம் ஆன்ட்டியின் மகன் செல்வா கேட்டருகே என்னைப் பிடித்துக்கொண்டான். வர்க்ஷாப்பில் வேலை செய்கிறவன், சாதுவான பையன். "அம்மாக்குத் தூக்கமே இல்லக்கா. காலு வலிக்குதுன்னு ஹாலுக்குள்ளேயே நடந்துகிட்டு இருக்காங்க" என்றான். புகாரை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு டின் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். ஆன்ட்டி வாங்கிக்கொண்டார். ஆனால் அன்று மாலையும் சுவர் இடித்தது. பிஸ்கட்டைத் தின்றுவிட்டுமா இடிப்பது என்று பற்றிக்கொண்டு வந்தது.

இன்று லோஷினி கூப்பிட்டிருந்த சனிக்கிழமை. வெயில் இன்னும் இறங்கவில்லை. லோஷினி 'சீக்கிரம் வா, ஸ்பீக்கர் சரிபார்க்கணும்' என்று அனுப்பியிருந்தாள். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை முழுதாக வாசித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் இந்த இடி.

இரண்டு மாதத்துக் கோபமும் ஒன்றாக ஏறியது. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனேன். ஆன்ட்டி எனக்கு முன்பே அவர் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது.

"ஆன்ட்டி, பட்டப் பகல்ல கூட நான்..."

"ஏன் நிறுத்துன?"

"நீங்கதானே சுவத்த இடிச்சீங்க."

"நிறுத்தாதன்னு இடிச்சேன்."

"நிறுத்தாதன்னா?"

"ரெண்டு மாசமா இதே கூத்துதான்" என்றார் ஆன்ட்டி. "வருது, வருது, முட்டிக்கு மேல ஏறுது, நீ டப்புன்னு நிறுத்திடுற. அப்புறம் அது வரவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. காலு ரெண்டும் கடுக்குது. நான் எங்க படுத்துத் தூங்குறது?"

"எது வருது ஆன்ட்டி?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமிதான் லா. வேற எது வரும்?"

கேட்டைப் பிடித்தபடியே மற்றதையும் சொன்னார். இளம் வயதிலிருந்து திருவிழாவுக்குத் திருவிழா அவருக்கு அருள் வரும். பக்கத்தில் அடுக்குமாடி வந்த பிறகு, சத்தம் சத்தம் என்று ஆட்கள் சண்டைக்கு வர, கோயிலில் உறுமியை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள். அதற்கு அவருக்கு வருவதில்லை.

"என்னோடதும் மெஷின்தான் ஆன்ட்டி. உண்மையான உறுமி இல்ல."

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வருது."

எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் கொள்ளை சந்தோஷம். நான் தட்டிய ஒன்று இன்னொருவர் உடம்பில் ஏறியிருக்கிறது. அதை நான் ஒவ்வொரு தடவையும் பாதியில் அறுத்து எறிந்திருக்கிறேன்.

"இன்னிக்காவது முழுசா அடி. அது போதும்" என்றார்.

எல்லோருக்கும் என்னிடம் இதே கோரிக்கைதான். முடிவு என்ற ஒன்று என் கையில் இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? எப்போதும் அடி உச்சத்துக்குப் போகும்போது நிறுத்திவிடுவதால், அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

"உள்ள வந்து உக்காருங்க ஆன்ட்டி, வாசிக்கிறேன்" என்றேன்.

வந்தார். என் ஸ்டூலில் உட்கார்ந்து கேபிள்களைப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"இது இல்ல. என்னென்னமோ கிணுகிணுங்குது. எங்க பக்கம் கேக்குறது வேற."

சுவர் பாதியை விழுங்கிவிடுகிறது. நான் வாரக்கணக்கில் இழைத்து இழைத்துச் சேர்த்த மணி ஓசை, காற்று ஓசை எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. போனது அடியும் உறுமலும் மட்டும்தான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மிக்சரில் அடைத்தேன். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் அடைத்தேன்.

அடி ஆரம்பித்தது. சற்று நேரத்தில் சுவரில் தொம், தொம் என்று கேட்டது. இந்த முறை என் கை நிற்கவில்லை. அந்தப் பக்கத்து இடி என் மெஷினைவிட ஒரு மயிரிழை முந்தி விழுந்தது. வேகக் குமிழைக் கொஞ்சம் திருப்பினேன். அவர் இன்னும் முந்தினார். நான் துரத்தினேன். உறுமல் தானாகவே கனத்தது. என் கைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அப்புறம் சுவர் இடிப்பது நின்றது.

முதலில் புரியவில்லை. அடி ஓடிக்கொண்டிருக்கிறது, அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விழுந்துவிட்டாரோ என்று நினைத்தேன். அங்கே மேசை விளிம்பு இருக்கிறது, கண்ணாடி அலமாரி இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும். போனால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மறுபடியும் பாதி. என் கை மிக்சரின் பிடிமேல் போய் நின்றது.

நிறுத்தவில்லை. மெஷின் என்று ஒன்றை எதற்கு வாங்கி வைத்திருக்கிறேன்? அதுபாட்டுக்குச் சுற்றட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். இத்தனை காலத்தில் என் பாட்டை என் கை படாமல் நான் விட்டது அதுதான் முதல் தடவை.

அவர்கள் வாசலில் செல்வாவின் வேன் வந்து நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஆன்ட்டி விழவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, தலைமுடி முழுதும் விரிந்து கிடக்க, ஹாலின் நடுவே ஆடிக்கொண்டிருந்தார். மேசையும் நாற்காலியும் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தன. காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறவரின் ஆட்டமில்லை அது. தரை அதிர்ந்தது. என் உறுமல் அந்தச் சுவர் வழியே வந்தபோது எனக்கே அது வேறு யாரோ வாசிப்பதுபோல் இருந்தது.

செல்வா கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

"நிறுத்திடவா செல்வா?"

"ஐயோ, வேணாம்கா. பாதில அறுத்தா அம்மா தாங்க மாட்டாங்க. இருக்கட்டும். அப்புறம் மெதுவா இறக்குங்க. எப்பன்னு நான் சுவத்துல தட்டுறேன்."

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். என்னைத் தெரிந்த கண் இல்லை. தட்டிலிருந்த திருநீற்றை அள்ளி என் நெற்றியில் அழுத்திப் பூசினார். அந்த விரல்கள் கொதித்தன. எனக்கு அழுகை வந்தது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடி நான் விட்டுப் போன இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துச் சுவரில் ஒரு தட்டு, மெல்லியதாக. நான் அடியின் கனத்தைக் குறைத்தேன். இன்னொரு தட்டு. வேகத்தை இறக்கினேன். பிறகு பெரிய அடியை எடுத்துவிட்டேன், உறுமல் மட்டும் தனியே நின்றது. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினேன். அது மூச்சுபோல நீண்டு, தேய்ந்து, எந்த இடத்தில் நின்றதென்று எனக்கே தெரியாமல் நின்றது. முடிவு இதுதான். இத்தனை நாளும் இதைத்தான் நான் வரவிடாமல் செய்திருக்கிறேன்.

ரெக்கார்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. பொத்தானை அமுக்கவே மறந்திருக்கிறேன். குமிழ்களோ எங்கெங்கோ திரும்பிக் கிடந்தன. அந்தச் சத்தத்தை இனி அப்படியே கொண்டுவர முடியாது. அலமாக் என்று தலையில் கையை வைத்துக்கொண்டேன். கைப்பேசியில் லோஷினி வரிசையாக அனுப்பியிருந்தாள். கடைசியாக வந்தது, 'வர்றியா, இல்லையா?'

'வர்றேன்' என்று அனுப்பினேன்.

லோஷினியின் கடைக்குக் கொண்டுபோக, செல்வா தன் வேனில் என் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி வாசலுக்கு வந்தார். குளித்து, ஈரத்தலையைத் துண்டில் சுற்றியிருந்தார். முகம், கழுவி வைத்த பாத்திரம்போல் பளிச்சென்றிருந்தது.

அவரிடம் கேட்க வேண்டுமென்று எனக்குத் துடித்தது. என் பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கேட்ட ஒரே ஆள் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"முழுசா அடிச்சியா கஸ்தூரி? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எப்பவும் அப்படித்தான். சாமி மலையேறிட்டா எனக்கு எதுவும் தெரியாது. மத்தவங்க சொன்னாத்தான் உண்டு." கேட்டில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "எப்படி இருந்துச்சு?"

இன்னும் சரியா வரல என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"நல்லா இருந்துச்சு, ஆன்ட்டி."

"அப்ப சரி" என்று ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, ஆன்ட்டி உள்ளே தூங்கப் போனார்.