வாய் பட்டது

பாடை தெருமுனை திரும்பியதுமே பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை பின்கட்டுக்குப் போய், மாணிக்கவேலின் தட்டைக் கழியால் நெம்பி வெளியே தள்ளினாள். பாயும் தலையணையும் ஏற்கெனவே வேலியோரம் குவிந்திருந்தன. கடைசியாக அலுமினிய டம்ளர் உருண்டு வந்தது.

அபிதகுசாம்பாள் ஈரத்தலையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் மாணிக்கவேலுக்கு டி.பி. என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அந்த டம்ளரைப் பிரித்து வைத்தவள் அவள்தான். ஒன்றரை வருஷமாக அவனுக்குப் பின்கட்டில் தனிச் சோறு, தனிப் பாய். "நீயும் வாயேன், பேசிகினே சாப்பிடலாம்" என்று அவன் ஒருநாள் கூப்பிட்டதற்கு, "எனக்கும் ஒட்டிக்கிச்சுன்னா தறிய யாரு பாக்கறது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டாள். அப்புறம் அவன் கூப்பிடவே இல்லை. மூன்று மாதத்தில் இருமல் அடங்கியதும், போய்வர ஒரு நாள் வேலை கெடுகிறதென்று வேலூருக்கு ஊசி போடப் போவதையும் நிறுத்திவிட்டான். அவளும் சரியென்று விட்டாள், பாவி.

"வேற எதுனா அவரு வாய் வெச்சது இருக்குதாம்மே?" என்று பாஞ்சாலை வெளியிலிருந்தே கேட்டாள். அவளும் நெய்கிறவள்தான்.

"ஒண்ணுமில்லக்கா" என்று திரும்பியவளின் கண் தறியில் பட்டது.

பாதிச் சேலையின்மேல், குறுக்கிழை ஓட்டுகிற மரநாடா கிடந்தது. போன மாதம் வரைக்கும் காலையில் அவன் நெய்தான், மதியத்துக்கு மேல் அவள். குறுக்கிழை தீரும்போதெல்லாம் புது நூல் மாட்டி, நாடாவின் துளையில் வாய் வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே இழுப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் அதே பழக்கம். காற்று பட்டால் இழை அறுமென்று ஜன்னல் சாத்திய அந்த அறையில், அவன் எச்சில் காயுமுன் அவள் வாயில் வைத்த நாடா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை!

அட கடவுளே! அப்புறம் எதற்கு அந்த மனுஷனைத் தனியாகத் தின்ன விட்டாள்?

நாடாவை எடுத்து வந்து குவியலில் போட்டாள்.

"அத்த ஏன் போடற? தறி நின்னுப்பூடுமே!" என்ற பாஞ்சாலை, அவள் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தன் உதட்டைத் தொட்டுக்கொண்டாள்.

அபிதகுசாம்பாள் குனிந்து டம்ளரை எடுத்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே போய், அடுப்பங்கரைப் பலகையில் தன் டம்ளருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.