ரெண்டு பேரும் ஓட்டலாம்

ஷோரூம் வாசலில் நின்ற வெள்ளை வண்டியை நோக்கி நடந்தவள், தப்பான கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டேன். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன். கையை நீட்டினால் எதிரே ஸ்டியரிங் இல்லை. காலடியில் பிரேக்கைத் தேடிய பாதத்துக்கு வெறும் தரைவிரிப்பு அகப்பட்டது. வெளியே என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேல்ஸ்மேன் சிரிப்பை அடக்கத் தன் டையைச் சரிசெய்துகொண்டான்.

"நீங்களே ஓட்டிப் பாக்கறேன்னுதானே வாத்தியாரம்மா போன்ல சொன்னீங்க?" என்றான்.

சொன்னேன்தான். இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "உட்கார்ந்ததுதான் உட்கார்ந்துட்டே, இரு. முதல்ல நான் ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடறேன்" என்று சாவிக்குக் கையை நீட்டினார். சாவி அவர் கைக்குப் போனது. எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

இருபத்தெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் பக்கம், நான் பக்கத்து இருக்கை. என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பழக்கதோஷம், எந்தக் காரைக் கண்டாலும் என் கால் அந்தப் பக்கம்தான் போகிறது. நான் பொழுதுக்கும் கார் ஓட்டுவதாக ஊரே நினைக்கிறது. பொழுதுக்கும் காரில் இருக்கிறேன், அவ்வளவுதான். காலையில் வீட்டிலிருந்து பயிற்சி மைதானம் வரை, சாயங்காலம் மைதானத்திலிருந்து வீடு வரை, ஸ்கூல் வண்டியை எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் ஓட்டுகிறேன். நடுவில் எட்டு மணி நேரம், அடுத்தவர்கள் ஓட்டுவதை நிறுத்துவதுதான் என் தொழில்.

இந்தச் சேல்ஸ்மேனும் என்னிடம் கற்றவன்தான். அப்போது கிளட்சிலிருந்து பாதிக்கு மேல் காலை எடுக்கவே மாட்டான். 'அரைக்கிளட்ச்' என்று பெயர் வைத்தேன், அவனோடு கற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். இப்போது நெற்றி பின்னால் ஏறி, பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயதுக்காரன் மாதிரி இருக்கிறான். என் வரைக்கும் அரைக்கிளட்ச்தான். பவ்யமாகப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

எங்கள் பழைய வண்டி போன மாதம் கையை விரித்துவிட்டது. அடுத்தது ஸ்போர்ட்ஸ் செடான்தான் என்று முதலில் வாயைத் திறந்தது நான். பார்க்கச் சாதாரணமாக நாலு கதவு, பின்னால் டிக்கி, குடும்பத்துக்கு ஏற்ற வண்டிதான். உள்ளேதான் சும்மா இருக்கத் தெரியாத எஞ்சின். மலைக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கும் எங்கள் மகள், "ஐம்பத்திரண்டு வயசுல ரேஸ் ஓட்டப்போறியாம்மா?" என்று போனில் சிரித்தாள். ஆனால் இவர் உடனே சரி என்றுவிட்டார். நானே திகைத்துப் போனேன். ஒரே மாடலில் இரண்டு வகை இருந்தன. வெள்ளை டீசல், நீலம் பெட்ரோல். இரண்டிலும் கையால் மாற்றுகிற கியர்தான். எது என்பதில்தான் மூன்று வாரமாக வீட்டில் பேச்சு முடிவுக்கு வரவில்லை.

இவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில்தான் எதையும் பேசுவார். "டீசல்தான் நல்லது. இழுவை இருக்கு. சும்மா சும்மா கியர் மாத்த வேண்டாம். மலையில அஞ்சு பேரோட அலுங்காம ஏறும்." அத்தனையும் உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொன்னால் மடக்கிவிடலாம்.

கல்யாணமான வருடமே ஒரு வண்டி வாங்கினோம். இவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். லைசென்ஸ் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, "வாரம் பூரா அதுலதானே கிடக்கறே, இன்னிக்காவது நீ சும்மா உட்காரு, நான் ஓட்டறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கும் இனித்தது, ஏன் மறைக்க வேண்டும்? அந்த ஒரு நாள் ஓய்வு இருபத்தாறு வருடம் நீண்டுவிட்டது. பிடுங்கிக்கொண்டிருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன். அன்பாக எடுத்துக்கொண்டதை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? மகளைப் பார்க்கப் போகிற மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவையும் நான் மனசுக்குள்ளேயே ஓட்டியிருக்கிறேன். எங்கே பிரேக்கை விடுவேன், எங்கே முடுக்குவேன் என்று. பக்கத்தில் இவர் மூன்றாவது கியரில் போட்டுவிட்டு, வானிலை பேசிக்கொண்டே போவார்.

வெள்ளை வண்டியிலும் மூன்றாவதுதான். அணைக்கட்டுச் சாலையில் ஏற்றம் வந்தது, கியரை மாற்றவில்லை. லாரிக்குப் பின்னால் முப்பதுக்கு இறங்கினார், மாற்றவில்லை. வண்டி ஒன்றும் முனகவில்லை; காலை வைத்ததும் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஏறிவிட்டது. "பாத்தியா?" என்றார். பார்த்தேன்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். டீசலைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல வண்டி. கேட்டதைக் கொடுக்கிறது, கேட்பதற்கு முன்பே கொடுக்கிறது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தொட்டதும் மூச்சு முடிந்துபோகிறது, அதற்கு மேல் கேட்டால் சத்தம்தான் வருகிறது. வளைவில் வண்டியின் மூக்கு கனத்தது. அரிசி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு திரும்புகிற மாதிரி ஒரு கணம் வெளியே போய், பிறகு உள்ளே வந்தது. யார் ஓட்டினாலும் இப்படித்தான் ஓடும் என்று தோன்றியது. நான் ஓட்டியதற்கும் இவர் ஓட்டியதற்கும் அந்த வண்டிக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்புறம் நீல வண்டி. இந்தத் தடவை சரியான கதவைத் திறந்தேன். இவர் பக்கத்தில், அரைக்கிளட்ச் பின்னால். கிளட்ச் கொஞ்சம் கடினம். இரண்டாயிரத்தில் வண்டியில் ஒன்றுமே இல்லை, 'நீ யார்?' என்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. இவர் முகத்தில் ஒரு சின்ன வெற்றி தெரிந்தது. இரண்டாவது கியரிலேயே வைத்து அழுத்தினேன். மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் எஞ்சினுக்குக் குரல் மாறியது. நாலாயிரம். மாணவர்களுக்கு நான் 'மாத்து, மாத்து' என்று தொடையில் தட்டுகிற இடத்தை எப்போதோ கடந்துவிட்டோம். ஐயாயிரம். என் முதுகுத்தண்டில் ஒன்று ஏறியது. ஆறாயிரத்துக்குக் கிட்டே மூன்றாவதுக்கு மாற்றினேன். கியர் ஒரு சொடக்கில் போய் விழுந்தது.

"வாத்தியாரம்மா," பின்னாலிருந்து அரைக்கிளட்சின் குரல் மெலிந்து வந்தது. "வண்டி கத்தறதுக்கு முன்னாடி கியரை மாத்தணும்னு நீங்கதானே..."

"அது உனக்குச் சொன்னது."

வளைவில் மூக்கு சொன்ன இடத்துக்குத் திரும்பியது. கை கேட்டது, சக்கரம் செய்தது. நடுவில் யாரும் இல்லை. தப்பாகக் கியர் போட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், சரியாகப் போட்டால் பறக்கும். இந்த வண்டிக்கு நான் யார் என்று தெரிந்தது. சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது கன்னம் வலித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இவ்வளவு நாளாக இந்தச் சந்தோஷத்தைச் சம்பளத்துக்கு அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதுவும் பாதியிலேயே நிறுத்தி.

அணைக்கு ஏறும் மேட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார் இவர். "நானும் ஒரு தடவை பாக்கறேன்." நியாயம்தானே, இடம் மாறினோம். மேட்டில் கிளட்சை விட்டார், வண்டி குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. டீசல் என்றால் அந்த அரைகுறைக் காலையும் மன்னித்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். என் நாக்கு நுனியில் எட்டு மணி நேரத் தொழில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. மூன்றாவது தடவையும் நின்றதும் இவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். நானும் இறங்கினேன். வேன் எங்களைத் திட்டிக்கொண்டே கடந்து போனது.

"டீசலே எடுத்துக்கலாம்" என்றார், பானெட் மேல் கையை ஊன்றிக்கொண்டு. கோபமே இல்லை. "அதுன்னா ரெண்டு பேரும் ஓட்டலாம்."

"ரெண்டு பேரும்னா யாரு?"

"இது என்ன கேள்வி? நீயும் நானும்."

"நம்ம வண்டிய நான் கடைசியா எப்பங்க ஓட்டினேன்?"

யோசித்தார். நிச்சயமாக இருப்பில் இருக்கிறது என்று நம்பிய மருந்தை அலமாரியில் தேடுகிற முகம். மேல் தட்டு, கீழ்த் தட்டு, பின்னால். கிடைக்கவில்லை.

"நீ கேக்கவே இல்லையே" என்றார் கடைசியில்.

"கேக்கலை. இப்பவும் கேக்கலை, சொல்றேன். பெட்ரோல்தான். நான்தான் ஓட்டுவேன்."

"அப்ப நான்?"

"உட்காருங்க. இத்தனை வருஷம் நான் உட்காரலையா? செத்தா போயிட்டேன்?"

கடுமையாகத்தான் வந்தது. வந்தது வரட்டும் என்று நின்றேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"உன்னை ஓட்டவிடக் கூடாதுன்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல" என்றார்.

"தெரியுங்க. அதனாலதான் சொல்ல இவ்வளவு நாளாச்சு."

வண்டியைச் சுற்றி நடந்தார். என் பக்கத்து இருக்கையின் கதவைத் தொடாமல் தாண்டிப் போய், பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். அரைக்கிளட்ச் அவசரமாக நகர்ந்து இடம் விட்டான். கையில் வைத்திருந்த விளம்பரத் தாளை முதன்முறையாகப் படிக்கிறவன் மாதிரி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். வருத்தமாக இருந்தது. இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் குரல் உயர்த்தியது இல்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து, 'சரி வாங்க, முன்னால உட்காருங்க' என்று கெஞ்சலாம். கெஞ்சினால் வருவார். வந்ததும் நான் உருகுவேன், உருகியதும் ஷோரூமுக்குப் போய் வெள்ளை வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். என்னை எனக்குத் தெரியாதா? இருக்கையை முன்னால் இழுத்தேன். கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன். அதில் இவருடைய காது மட்டும் தெரிந்தது. முகம் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"ஷோரூமுக்குப் போலாமா வாத்தியாரம்மா?" என்றான் அரைக்கிளட்ச்.

"போலாம். மலையைச் சுத்தி."

"அது இருபது கிலோமீட்டர்..."

"தெரியும்."

மேட்டில் வண்டி ஓர் அங்குலம் பின்வாங்காமல் கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது. அணையின் சுவர் முடிகிற இடத்தில் சாலை மலையை அணைத்து ஏறத் தொடங்கும். அங்கிருந்து மொத்தம் பதினொரு வளைவு. முதல் வளைவில் பிரேக்கை விட்டு உள்ளே நுழைந்தேன். இரண்டாவதில் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். மூன்றாவதுக்கு முன்னால், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து, என் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையின் தலை சாய்க்கும் திண்டைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இவருடைய கைதான்.

மெதுவாகப் போகட்டுமா என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். வேண்டுமென்றால் அவர் கேட்கட்டும். அவர் கேட்கவில்லை. விரல்கள் மட்டும் அந்தத் துணிக்குள் அழுந்தின. எஞ்சின் ஆறாயிரத்தைத் தொட்டுக் குரலெடுக்க, நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். மூன்று பேரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம்.