அவசரத் திருமுழுக்கு

என் வீட்டுக்காரர் கண்ணுசாமி நெய்க்காரப்பட்டிக்காரர். சண்டையிலும் "ங்க" போடுவார். இந்துவாகப் பிறந்தவர். என்னைக் கட்டிய நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் திண்டுக்கல் மாதா கோவிலுக்கு வந்து, பாடகர் குழுவே திரும்பிப் பார்க்கிற மாதிரி பாடுவார். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், மட்டும் வாங்க மாட்டார்.

"நான்தான் ஏசுவ நம்பறனுங்களே அம்மிணி, பத்தாதா? சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளன் நேரா மோட்சம் போனானே, அவனுக்கு எவன் தண்ணி ஊத்துனான்?"

"அவனுக்கு நேரமில்ல. ஒங்களுக்கு என்ன கேடு?"

நான் மறைக்கல்வி டீச்சர். தலையில் தண்ணீர் படாதவருக்கு மோட்சமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இவருக்குச் சோறு போடும்போதெல்லாம் அதே நினைப்புதான். இவர் இல்லாத மோட்சத்தில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் சட்டம். கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை உருவினேன்.

"தண்ணி குடுக்கக் கூடாதும்மா!" என்று கத்தினாள் நர்ஸ் பாத்திமா.

"குடுக்க இல்ல, ஊத்த. ஏங்க, சம்மதமா?"

"ஊத்துங்க அம்மிணி. உங்க பயம் தெளிஞ்சாச் சரி."

ஊற்றினேன். "நான் உனக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். கட்டினவரை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "நான் உங்களுக்கு, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே திருமுழுக்குக் கொடுக்கிறேன்" என்று ஒருவழியாக முடித்துவிட்டுப் பார்த்தால், அவர் நெற்றியெல்லாம் சீரகம். வீட்டில் குடிக்கக் கொதிக்கவைத்த சீரகத் தண்ணீரை அப்படியே எடுத்து வந்திருக்கிறேன்.

மனிதர் பிழைத்துவிட்டார். பார்க்க வந்த எங்கள் கோவில் பங்குச் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். மோவாயைத் தடவினார்.

"'உங்களுக்கு' பரவாயில்ல, ஆனந்தமேரி டீச்சர். சீரகம்தான் இடிக்குது. வெறும் தண்ணிதான் செல்லும். இது தண்ணியா, கசாயமா?"

எனக்கு வந்ததே கோபம்.

"உசுரு பதறி ஊத்துனேன் சாமி! அம்புட்டுப் பதட்டத்துலயும் கடவுளுக்குச் சீரகந்தான் கண்ணுல பட்டுச்சா? இவரு மனசுல இருக்குறது தெரியலையா?"

கட்டிலில் படுத்திருந்தவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்படிப் போடுங்க அம்மிணி. இத்தன வருசமா நான் சொன்னதும் அதுதானுங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமியாரிடம் சொன்னேன்:

"வார ஞாயித்துக்கெழம வெறுந் தண்ணியில இன்னொருக்கா ஊத்திருங்க சாமி. எதுக்கு வம்பு?"